புல்லின் மேல் ஒரு விளைச்சல்

திருகோணமலைக் கொட்டியாரக் குடாவின் கரையில் ஒதுங்கிய கடற்புல் இலை ஒன்றை எடுத்து அடியிலிருந்து நுனிவரை தடவிப் பாருங்கள். அடி பச்சையாக, சுத்தமாக இருக்கும். நுனியை நெருங்க நெருங்கப் பழுப்பும் வழுக்கலும், இடையிடையே வெள்ளைப் பொட்டுகளும் தட்டுப்படும். கழுவிவிடத் தோன்றும் இந்த அழுக்கு உண்மையில் பாசி. வழுக்கல் டயட்டம் என்னும் நுண்பாசிகளால் வந்தது. வெள்ளைப் பொட்டு, சுண்ணாம்பை உடலில் சேர்த்துக்கொள்ளும் செம்பாசி.

நுனியில் மட்டும் ஏன் இத்தனை? கடற்புல் இலை அடியிலிருந்து வளர்கிறது. புதிய பகுதி பழையதை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் நுனிக்குத்தான் வயது அதிகம். அந்த வயதும் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். இலை உதிர்ந்தால் குடியிருந்த பாசியும் போயிற்று; அதற்குள் வளர்ந்து, வித்திகளை விட்டுவிட வேண்டும். இந்த அவசர வளர்ச்சியை அற்பமாக நினைக்க வேண்டாம். இலைகளும் அவற்றின் மேலுள்ள பாசிகளும் சேர்ந்து செய்யும் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேல்வரை பாசியுடையது என்று பல கடல்களில் அளந்திருக்கிறார்கள்.

நார் மிகுந்த புல்லைவிடப் பாசிதான் சிறு நத்தைகளுக்கும் இறால்களுக்கும் வாகான உணவு. ஒரா மீன் இரண்டையும் மேயும். குடாக்கரை மூதூரில் ஒரா வாங்குபவர் இந்தப் பாசியின் விளைச்சலையும் சேர்த்தே வாங்குகிறார்.

விளைச்சல் மிஞ்சினால்தான் வினை. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிறது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் வடிகாலும் இந்தப் பக்கக் கடலைத்தான் சேர்கிறது. மாரி வெள்ளத்தோடு உரமும் வரும். கடற்புல்லுக்குச் சேற்றில் வேர் உண்டு. பாசிக்கோ நீரில் கரைந்திருப்பதே சாப்பாடு. அதனால் நீரில் நைதரசன் கூடும்போது முதலில் கொழுப்பது பாசி. அது வெளிச்சத்தை மறைக்க, புல் பட்டினியால் சாகும். மேற்கு அவுஸ்திரேலியாவின் கொக்பேர்ன் குடாவில் இதுதான் நடந்தது. 1950களில் அங்கே 4,000 ஹெக்டேயருக்கு மேலிருந்த புல்வெளி, தொழிற்சாலைக் கழிவுநீர் கலந்தபின், 1978க்குள் ஏறத்தாழ 900 ஹெக்டேயராகச் சுருங்கியது.

புல்லும் பாசியும் எவ்வளவு வளர்கின்றன என்று அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. இலையின் அடியில் ஊசியால் துளையிட்டு, சில நாள் கழித்துத் துளை எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் புல்லின் வளர்ச்சி தெரியும். பிளேடால் சுரண்டி, உலர்த்தி, நிறுத்தால் பாசியின் கணக்கும் வந்துவிடும். மார்ச் 1ஐ உலகக் கடற்புல் தினமாக்க 2022இல் ஐ.நா. பொதுச்சபையில் முன்நின்றது இலங்கைதான். அந்த அக்கறை நம் குடாவிலும் தெரிய, கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள் மாரிக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் இந்தக் கணக்கை எடுத்து எழுதிவைக்க வேண்டும்.