மிளகு விளையும் கலகெதரயில் சிறுதொழில் வளர்வது எவ்வாறு?

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை ஊடாகக் குருநாகல் செல்லும் ஏ10 பிரதான வீதியில் அமைந்துள்ளது கலகெதர. மலைநாட்டின் நடுத்தர உயரத்திலுள்ள ஏனைய ஊர்களைப் போன்றே இங்கும் வீட்டுத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி, பாக்கு ஆகியன ஒன்றோடொன்று கலந்து வளர்கின்றன. மூலப்பொருள் வாசலிலேயே இருக்கின்றது. எனினும் அதில் பெரும்பகுதி பச்சையாகவோ அரைகுறையாக உலர்ந்த நிலையிலோ மூட்டையாகக் கட்டப்பட்டு ஊரை விட்டு வெளியேறுவதும், தூளாகிப் பொதியிடப்பட்டு அதே ஊர்க் கடைகளுக்குத் திரும்பி வருவதும் வழமையாகிவிட்டது. இடையிலுள்ள இலாபம் வேறு யாருக்கோ சேர்கின்றது.

இந்த இடைவெளியைக் கண்டு சொந்தமாகத் தொழில் தொடங்க விரும்புவோர் முதலில் நினைப்பது கட்டடத்தையும் அரைக்கும் இயந்திரத்தையும் அவற்றுக்கான வங்கிக் கடனையுமே. ஆனால் சிறுதொழில்கள் பெரும்பாலும் தடுமாறுவது இயந்திரம் இல்லாமையால் அன்று. சரக்கிலும் கடன் விற்பனையிலும் முடங்கப்போகும் பணத்தை முன்கூட்டியே கணக்கிடத் தவறுவதாலேயே ஆகும்.

மிளகையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மிளகை உலர்த்தினால் ஒரு கிலோ கறுப்பு மிளகு கிடைக்கும். திருட்டுப் பயத்தாலும் அவசரப் பணத்தேவையாலும் முற்றாத காயைப் பறித்தால் இந்த அளவு மேலும் குறைந்துவிடும். முற்றிய காயைப் பறித்து, கொதிநீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, சாணம் மெழுகிய முற்றத்திலன்றிச் சுத்தமான விரிப்பில் உலர்த்தினால் மணிகள் ஒரே சீரான கறுப்பு நிறம் பெறும். ஈரப்பதன் 12 வீதமளவுக்கு இறங்கிய மிளகைப் பூஞ்சணம் பிடிக்காமல் நெடுநாள் சேமிக்கலாம். தரம் பிரிப்பதற்கு வர்த்தகர் பார்ப்பது லீற்றர் நிறையை. ஒரு லீற்றர் பாத்திரத்தில் 550 கிராம் நிறைக்கும் மிளகும் 400 கிராம் நிறைக்கும் மிளகும் ஒரே விலை பெறுவதில்லை. இவ்வளவு வேலைக்கும் தேவையானவை ஒரு பெரிய பாத்திரம், விரிப்பு, சல்லடை, தராசு ஆகியனவே. இதுவும் ஒரு தொழில்தான் என்பதைப் பலர் ஏற்பதில்லை. பெயர்ப்பலகை இல்லாத தொழிலுக்கு நம்மவரிடையே மதிப்புக் குறைவு!

அடுத்த படியான தூள் உற்பத்தியில்தான் கணக்கு மாறுகின்றது. மாதமொன்றுக்கு 50 கிலோ தூள் விற்கும் ஒருவருக்கு, சேதாரத்தை விட்டுவிட்டால், ஆண்டுக்கு 600 கிலோ மிளகு வேண்டும். அறுவடைக் காலத்தில் மலிவாக வாங்கி வைத்தாலன்றி இலாபம் இல்லை. கணக்கின் இலகுவுக்காகக் கிலோ 1,000 ரூபா என வைத்துக்கொண்டால் 6 இலட்சம் ரூபா மூட்டைகளில் முடங்கும். தூளைக் கிலோ 1,500 ரூபாவுக்குக் கொடுத்து, கடைக்காரர் 45 நாட்களின் பின்னரே பணம் தருவாராயின் மேலும் 1,12,500 ரூபா வெளியில் நிற்கும். வியாபாரம் இரட்டிப்பானால் இவ்விரு தொகைகளும் இரட்டிப்பாகும். புதிதாக 7,12,500 ரூபா தேவை. ஆனால் ஓராண்டில் கிடைத்த மொத்த வித்தியாசமே 3 இலட்சம் ரூபாதான். மின்சாரம், பொதி, போக்குவரத்து, கூலி எதற்கும் ஒரு சதமேனும் செலவிடாவிட்டாலும் அவ்விரிவாக்கத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சேமிக்க வேண்டும். விற்பனை பெருகும்போதே கையில் பணம் வற்றுவதன் காரணம் இதுவே. இலாபம் ஈட்டிக்கொண்டிருந்த தொழில் மூடப்படுவதைக் கண்டு அயலவர் வியப்பதும் இதனாற்தான்.

விலைத் தளம்பல் இதனைவிடக் கொடியது. 2015 ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் உச்சத்தை எட்டிய மிளகு விலை, வியட்நாமின் பெரும் விளைச்சல் சந்தைக்கு வந்ததையடுத்து 2019 ஆம் ஆண்டளவில் அதன் மூன்றில் ஒரு பங்களவுக்கு வீழ்ந்தது. எமது மிளகின் பிரதான கொள்வனவாளரான இந்தியா, கிலோவுக்கு 500 இந்திய ரூபாவிலும் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்வதை 2017 டிசம்பரில் தடை செய்தது. உச்ச விலையில் ஆண்டு முழுவதற்கும் சரக்கு வாங்கி அடுக்கியவரின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். கொள்வனவை இரு போகங்களுக்குப் பிரித்து வைப்பவருக்கு முடங்கும் பணமும் குறைவு, ஆபத்தும் குறைவு.

கடன் எடுப்பதே தவறு என்று கூறுவதற்கில்லை. எதற்காக எடுக்கின்றோம் என்பதே கேள்வி. சில மாதங்களில் பணமாகத் திரும்பும் சரக்குக்கு எடுத்த கடனும், பல ஆண்டுகளுக்குப் பணமாகாத கட்டடத்திற்கு எடுத்த கடனும் ஒன்றல்ல. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது வங்கிகள் தமது சிறந்த வாடிக்கையாளர்களிடம் அறவிட்ட வட்டியே 25 வீதத்தைக் கடந்தது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலே ஏலமிடும் ‘பராட்டே’ அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. சிறு, நடுத்தர முயற்சியாளர்களின் முறையீடுகளையடுத்து 2024 ஆம் ஆண்டு அது தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. வீட்டுறுதியை ஈடு வைக்கும் முன்னர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

பதிவு விடயங்கள் ஒப்பீட்டளவில் இலகுவானவை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதியலாம். உள்ளூராட்சி சபையின் அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையும் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பொதி செய்த தூளுக்கும் பொருந்தும். கடினமானது நம்பிக்கையைப் பெறுவதே. மிளகில் பப்பாசி விதை கலக்கப்படுவது பழைய கதை. அறிமுகமற்ற பெயரில் வரும் தூளை வாங்கத் தயங்கும் இல்லத்தரசி, முழு மணியாகத் தெளிந்த உறையில் இருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குவார். எனவே புதிய பெயர் ஒன்று சந்தைக்கு அறிமுகமாகத் தூளைவிட முழு மிளகே ஏற்றது. அரைக்கும் இயந்திரத்தை அதுவரை தள்ளிப்போடலாம்.

தனியொருவரால் இயலாத முதலீட்டைப் பலர் சேர்ந்து திரட்டுவது கண்டி மாவட்டத்திற்குப் புதியதன்று. நாட்டின் முதலாவது கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் 1906 ஆம் ஆண்டு இம்மாவட்டத்தின் தும்பறைப் பகுதியிலேயே தோன்றியது. பத்துக் குடும்பங்கள் தத்தமது மிளகை ஒரே இடத்தில் உலர்த்தித் தரம் பிரித்து, விற்ற பின்னர் பங்கிட்டுக்கொள்ள இணங்கினால் மேற்சொன்ன 6 இலட்சம் ரூபாவை ஒருவர் கடனாகத் தேட வேண்டியதில்லை. சரக்கே அவர்களது முதலாகிவிடும். உலர்த்தும் முறைகள் குறித்த ஆலோசனையை ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் வெளிக்கள உத்தியோகத்தரிடம் பெறலாம். அத்திணைக்களத்தின் தலைமையகம் தொலைவில் இல்லை, பேராதனையில்தான் இருக்கின்றது.