இடி விழாது... விழுவது மின்னல்! பரங்கிமலை பீரங்கி சொன்ன கணக்கு

சென்னை:

"இடி விழுந்து ஆள் செத்துட்டான்" என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் இடி விழாது. அது வெறும் சத்தம். ஆளைக் கொல்வது மின்னல்தான்!

இந்தியாவில் மின்னல் தாக்கி வருஷத்துக்கு 2 ஆயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். வயல்காட்டில் வேலை செய்கிறவர்களும், மழைக்கு மரத்தடியில் ஒதுங்குகிறவர்களும்தான் இதில் அதிகம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் ஒளி, ஒலி பாடம் பரீட்சைக்கு மட்டும் அல்ல. உயிரைக் காப்பாற்றவும் உதவும். எப்படி?

ஒளி முந்தும், ஒலி பிந்தும்

மின்னலும் இடியும் ஒரே நேரத்தில்தான் பிறக்கின்றன. மின்னல் பாயும் பாதையில் காற்று சுமார் 30 ஆயிரம் டிகிரி வரை கொதிக்கிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல 5 மடங்கு சூடு! அந்தக் காற்று சட்டென்று விரிந்து வெடிக்கிறது. அந்தச் சத்தம்தான் இடி.

ஒளி வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும். ஆகவே மின்னல் வெட்டிய அந்த நொடியே கண்ணுக்குத் தெரிந்து விடுகிறது.

ஒலி அப்படி அல்ல. காற்றைத் தள்ளித் தள்ளித்தான் வர வேண்டும். நம் ஊர் வெயிலில் வினாடிக்கு சுமார் 350 மீட்டர்தான் அதன் வேகம். 1 கி.மீ. தூரம் வர 3 வினாடி ஆகும்.

காற்றே இல்லாத இடத்தில் ஒலி நகராது. ஒளிக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தான் சூரிய வெளிச்சம் 8 நிமிஷத்தில் நம்மிடம் வந்து சேருகிறது. சூரியன் போடும் இரைச்சல் மட்டும் வருவதே இல்லை!

சென்னையில் நடந்த சோதனை

ஒலியின் வேகத்தை 200 வருஷத்துக்கு முன்பே நம் சென்னையில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அளந்தவர் ஜான் கோல்டிங்காம். நுங்கம்பாக்கம் வான ஆய்வுக்கூடத்தின் தலைவர். இன்று ராஜாஜி மண்டபம் என்கிறோமே, அதைக் கட்டியவரும் இவர்தான். வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில் அந்தப் பழைய ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது.

அப்போது ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிப்பது வழக்கம். 1820, 1821-ம் ஆண்டுகளில் நுங்கம்பாக்கத்தில் கடிகாரமும் கையுமாகக் காத்திருந்தார்கள். பீரங்கியின் வெளிச்சம் தெரிந்ததில் இருந்து சத்தம் கேட்கும் வரை எத்தனை வினாடி என்று குறித்தார்கள்.

கோட்டை சுமார் 4¼ கி.மீ. தூரம். அங்கிருந்து சத்தம் வர ஏறக்குறைய 12 வினாடி. பரங்கிமலை 9 கி.மீ. அதற்கு 26 வினாடி!

இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. டிசம்பர் குளிரில் ஒலி வினாடிக்கு சுமார் 1,100 அடி போயிற்று. ஜூலை மாதத்தில் 1,160 அடியைத் தாண்டியது. காற்று சூடானால் ஒலிக்கு வேகம் கூடும்!

எண்ணிப் பாருங்கள்

இதே கணக்கு மின்னலுக்கும் பொருந்தும். மின்னல் வெட்டியதும் எண்ண ஆரம்பியுங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, வந்த வினாடியை 3-ஆல் வகுத்தால் தூரம் தெரிந்து விடும். 12 வினாடி என்றால் 4 கி.மீ. கோட்டைக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் உள்ள தூரம்தான்.

"அர்ஜுனா, அர்ஜுனா" என்று பாட்டி சொல்லிக் கொண்டிருக்கட்டும். பேரன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணட்டும்!

இடி ஏன் கடகடவென்று உருளுகிறது? மின்னல் பல கி.மீ. நீளம் ஓடுகிறது. அதன் கிட்டத்து முனையின் சத்தம் முதலில் வருகிறது. தூரத்து முனையின் சத்தம் பின்னால் வருகிறது. வேறொன்றும் இல்லை.

கவனம்! கவனம்!

இடி கேட்டு விட்டால் அந்த மின்னலில் இருந்து தப்பித்தாகி விட்டது. பயப்பட வேண்டியது அடுத்த மின்னலுக்கு.

"மழைதான் இன்னும் வரலையே" என்று மைதானத்தில் நிற்காதீர்கள். மேகத்தை விட்டு 10 கி.மீ. தள்ளிக்கூட மின்னல் இறங்கும். எண்ணிக்கை 30-க்குள் இடி கேட்டால் உடனே உள்ளே போய் விட வேண்டும். எண்ணத் தவறி விட்டதா? இடி கேட்டாலே போதும், உள்ளே போங்கள்.

மரத்தடி ஆபத்து. பீச் மணலும் மொட்டை மாடியும் கூடாது. கான்கிரீட் கட்டிடத்துக்குள் போகலாம். கண்ணாடியை ஏற்றி விட்டு பஸ், கார் உள்ளேயே இருக்கலாம். சார்ஜில் போட்ட செல்போனைத் தொடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.

இன்றைக்கே வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த 3 வினாடிக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். காசு பணம் செலவில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்!