பழைய ரோஜாக்கள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூப்பது ஏன்?

ஜெர்மனியின் சாங்கர்ஹவுசன் நகரில் 1903-இல் திறக்கப்பட்ட ரோஜாத் தோட்டத்தில், காலிக்கா, ஆல்பா முதலிய பழைய வகைகள் கோடையின் தொடக்கத்தில் சில வாரங்கள் பூத்துக் குலுங்கிவிட்டு, மறு ஆண்டு வரை வெறும் இலையும் தண்டுமாக நிற்க, நவீன வகைகளோ இலையுதிர்காலம் வரை பூக்கின்றன. இதற்குக் காரணம் மண்ணோ உரமோ அன்று. தண்டின் நுனி பூவாக மாறுவதைத் தடுக்கும் புரதத்தை உருவாக்கும் கேஎஸ்என் என்னும் மரபணுவே. வசந்தத்தில் தாழ்ந்திருக்கும் அதன் செயல்பாட்டை, ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி இயக்குநீர் பின்னர் தூண்டிவிடுவதால், அதன்பின் எழும் தளிர்கள் பூக்காமல் நீள்கின்றன. நவீன வகைகளுக்குத் தொடர்ந்து பூக்கும் பண்பை அளித்த சீன ரோஜாக்களிலோ, மரபுத்தொகுதிக்குள் தன்னைப் படியெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டு ஒன்று அம்மரபணுவுக்குள் புகுந்து அதை முடக்கிவிட்டது. தோட்டக்கலையின் பெருஞ்சாதனையாகப் போற்றப்படும் தொடர்பூப்பு, உண்மையில் ஒரு பழுதின் விளைவே. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தாலன்றி அப்பண்பு வெளிப்படாது என்பதால், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவை அடைந்த சீன ரோஜாக்களோடு செய்த முதல் கலப்புகள் பெரும்பாலும் ஒருமுறையே பூத்தன. ஒருமுறை பூப்பவை முந்தைய ஆண்டின் தண்டிலேயே அரும்புவதால், அவற்றைப் பூத்து முடிந்தபின் கவாத்து செய்ய வேண்டுமேயன்றிக் குளிர்காலத்தில் வெட்டலாகாது.