‘கொஞ்சம் பார்த்துப் போடும்மா!’ - பேரம் பேசும் கிளையன்ட்டை ஃப்ரீலான்ஸர்கள் சமாளிப்பது எப்படி?

“ஒரு லோகோதானேம்மா... கம்ப்யூட்டர்ல பத்து நிமிஷ வேலை. இதுக்கு நாலாயிரமா? கொஞ்சம் பார்த்துப் போடு. அடுத்தடுத்து நிறைய வேலை தர்றேன்!”

மதுரையில் வீட்டிலிருந்தபடியே டிசைன் வேலை செய்யும் என் தோழியிடம், ஸ்வீட் கடைக்காரர் ஒருவர் சொன்னது இது. தயங்கித் தயங்கி 2,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டாள். ‘கலரை மாத்தும்மா’, ‘பழசே நல்லா இருந்துச்சே’ என்று ஒன்பது முறை திருத்தம். வேலை முடிய ஐந்து நாள்கள். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 400 ரூபாய்! அடுத்த வேலையும் வந்தது... அதே பாதி விலைக்கு.

“அவர் மேல கோபம் இல்ல. கேட்டதும் பாதியைக் குறைச்சேன். அப்போ முதல்ல சொன்னது சும்மா ஏத்திச் சொன்ன விலைன்னுதானே நினைப்பார்?” என்கிறாள்.

இப்போது அவள் கடைப்பிடிக்கும் வழிகள் இவை.

வேலையைக் குறையுங்கள்!

பட்ஜெட் குறைவு என்றால், விலையோடு வேலையும் குறைய வேண்டும். “2,000 ரூபாய்னா ஒரே மாடல், ஒரு திருத்தம்தான் அண்ணே” என்று சொல்லிவிடுங்கள்.

எழுத்தில் வேண்டும்

என்ன வேலை, எத்தனை திருத்தம், எந்தத் தேதி, எவ்வளவு பணம்... எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். பாதித் தொகை அட்வான்ஸ் வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

டி.டி.எஸ் தள்ளுபடி அல்ல

நிறுவனங்கள் பிடிக்கும் டி.டி.எஸ், உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கூடுதலாகப் பிடித்திருந்தால் திரும்பப் பெறலாம். அதற்காக விலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

45 நாள் கெடு

மத்திய அரசின் ‘உத்யம்’ தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். பதிவு செய்த குறு, சிறு தொழில்முனைவோருக்கு, ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் வர வேண்டும். அந்தக் கெடு 45 நாள்களைத் தாண்டக் கூடாது என்கிறது 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ சட்டம். வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

சமீபத்தில் அதே கடைக்காரர், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் டிசைனுக்காக அழைத்தார். “6,000 ரூபாய் அண்ணே.” “பார்த்துச் சொல்லும்மா...” “பார்த்துத்தான் சொல்றேன்!” அவர் வேறு ஆளிடம் போய்விட்டார்.

“ஒருநாள் முழுக்க மனசு அடிச்சுக்கிச்சு. ஆனா, அந்த அஞ்சு நாள்ல வேற ரெண்டு வேலையை முடிச்சேன். ரெண்டுமே நான் சொன்ன விலைக்கு!” என்று சிரிக்கிறாள் தோழி.