பிள்ளையைப் போலீஸ் பிடித்துப் போனால்...

"அக்கா, உங்க மகனைப் போலீஸ் ஜீப்பில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க!"

இரவு பத்து மணிக்கு லயத்து வாசலில் இப்படி ஒரு குரல் கேட்டால் பெற்ற வயிறு என்ன பாடுபடும்! உடனே மண்டோர் வீட்டுக்கு ஓடுகிறோம். 'எனக்கு உள்ளே ஆள் தெரியும்' என்று சொல்லும் ஒருவரிடம், சீட்டுக் கட்ட வைத்திருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கிறோம். அந்த ஆளை மறுநாள் காண முடியாது!

வாசகர்களே, அந்த இரவு மிக முக்கியமானது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. மேலும் விசாரிக்க வேண்டுமானால் போலீஸ் தடுப்புக் காவல் கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனை உள்ள குற்றமானால் முதலில் 4 நாள்வரை, மறுபடி கேட்டால் 3 நாள். பெரிய குற்றமானால் 7 நாள், மீண்டும் 7 நாள். எத்தனை நாள் என்று முடிவு செய்பவர் மாஜிஸ்திரேட். 'ஏன் இத்தனை நாள்? இன்னும் என்ன விசாரணை பாக்கி?' என்று கேட்க நம் பிள்ளைக்கு வாய் வருமா? அங்கேதான் வழக்கறிஞர் வேண்டும்.

'வக்கீலுக்குக் காசு?' என்கிறீர்களா. யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்ற தேசிய சட்ட உதவி அறவாரியம் 2011-இல் தொடங்கப்பட்டு, 2012 ஏப்ரல் முதல் தீபகற்ப மலேசியாவில் செயல்படுகிறது. இதில் பெயர் கொடுத்த வழக்கறிஞர்களுக்கு அரசாங்க நிதியிலிருந்து ஒரு சிறு தொகைதான் கிடைக்கும். வழக்கமான கட்டணத்தோடு பார்த்தால் அது பெட்ரோல் காசு மாதிரி.

பெயர் கொடுத்துவிட்டால் போதாது, பயிற்சிக்கும் வர வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆண்டு முழுவதும் வீடு நிலம் பெயர் மாற்றும் பத்திரங்களையே பார்த்த வழக்கறிஞருக்கு லோக்காப் பழக்கமிருக்காது. கைது, தடுப்புக் காவல், ஜாமீன், தண்டனைக் குறைப்பு வேண்டுதல் என்று ஒவ்வொன்றையும் அங்கே கற்றுக்கொள்கிறார். மாஜிஸ்திரேட் வருவதற்குமுன் கிடைக்கும் சில நிமிடங்களில் பிள்ளையிடம் என்ன கேட்பது? அடி பட்டிருக்கிறதா, வியாதி உண்டா, வீட்டாருக்குத் தகவல் போனதா? இதெல்லாம் பழகாத கைக்கு வராது. நம் பெண்கள் பால்மரம் சீவக் கற்றுக்கொண்ட நாளை நினைத்துப் பாருங்கள்!

இதற்கெல்லாம் முன்பே, 1980களில், வழக்கறிஞர் மன்றம் சொந்தமாகச் சட்ட உதவி மையங்களைத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு 100 வெள்ளி அதற்குத் தருகிறார். தொழில் பயிலும் இளம் வழக்கறிஞர்களும் அங்கே வந்து, ஏழைகளின் வழக்கைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அறவாரியம் குடிமக்களுக்காக ஏற்பட்டது. நீலக் கார்டு இல்லாமல் தவிக்கும் நம்மவர்கள் இந்த மையங்களை நாடலாம்.

சரி, அந்த இரவில் என்ன செய்வது? கைதானவர் உறவினரோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ள 2007 முதல் சட்டம் இடம் தருகிறது. விசாரிக்கத் தொடங்குமுன் போலீசே அதை அவரிடம் சொல்ல வேண்டும். சில அவசர நிலைகளில் மட்டும் உயர் அதிகாரி அதைத் தள்ளிவைக்கலாம். ஆகவே அழுதுகொண்டு வாசலில் நிற்காமல் முன்மேசையில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த லோக்காப்பில் இருக்கிறான்? என்ன குற்றம்? எந்தக் கோர்ட்டுக்கு, எத்தனை மணிக்குக் கொண்டுபோகிறீர்கள்? பிறகு, "யாயாசான் வழக்கறிஞர் வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் வருமானக் கணக்குக் கேட்பதில்லை. வழக்கு விசாரணைக்குப் போகும்போதுதான் சம்பளச் சீட்டுக் கேட்பார்கள்.

போகும்போது ஒரு தாளில் பிள்ளையின் அடையாளக் கார்டு எண், வயது, வேலை செய்யும் இடம், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள். காலையில் கோர்ட்டில் வழக்கறிஞரைப் பார்த்ததும் அந்தத் தாளைக் கையில் கொடுத்துவிடுங்கள்.