கைக்குழந்தைக்குக் கொரோனா: பரவும் வழியும் பரிசோதனையும்

தொற்று வரும் வழி

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொரோனா பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவர்களிடமிருந்தே தொற்றுகிறது. தொற்றுள்ளவர் பேசும்போதும் இருமும்போதும் சிதறும் நீர்த்துளிகளும், அடைத்த அறையின் காற்றில் மிதந்து நிற்கும் நுண்துளிகளும் குழந்தையின் மூச்சுப்பாதைக்குள் நுழைகின்றன. எந்நேரமும் யாராவது ஒருவர் கையிலேயே இருக்கும் வயது. விலகி இருப்பது குழந்தையால் முடியாது.

கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் இதற்கு வாய்ப்புகள் அதிகம். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் அறை, காற்றுப்படக் கூடாதென்று சன்னல் சாத்தியே கிடக்கும். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் அந்த அறையிலேயே உட்கார்ந்து பேசுவார்கள். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடும். குழந்தை கைமாறிக்கொண்டே இருக்கும். குளிப்பாட்டியதும் மூக்கிலும் காதிலும் வாயால் ஊதிவிடும் வழக்கமும் இன்னும் முழுதாகப் போகவில்லை. கொரோனா இல்லாத காலத்திலும் தேவையற்ற வழக்கம் இது. சளி பிடித்த ஒருவர் ஊதினால், கிருமி நேராக மூச்சுப்பாதைக்கே போய்விடும்.

கருவிலேயே தொற்றுமா?

தொற்றலாம், ஆனால் அரிது. புனேயின் சாசூன் பொது மருத்துவமனையில் பிறந்த ஒரு குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகத் தொற்று வந்ததை மருத்துவர்கள் 2020-இல் அறிவித்தார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் சுமார் 1.8 விழுக்காட்டினருக்கே தொற்று உறுதியானது. பிறந்த பிறகு தொற்றியவர்களும் இந்தக் கணக்கில் அடங்குவர். கர்ப்பிணிகள் தடுப்பூசி போட்டுக்கொள்ள இந்தியாவில் 2021 ஜூலையில் அனுமதி கிடைத்தது. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் சேர்வதால், முதல் சில மாதங்களுக்கு அது ஓரளவு காப்பாகிறது.

பரிசோதனையும் அதன் நேரமும்

2020-இன் தொடக்கத்தில் குமரி மாவட்டத்தின் மாதிரிகள் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் சென்றன. பின்னர் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஆர்டி-பிசிஆர் ஆய்வகம் அமைந்தது. குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் பரிசோதனை ஒன்றுதான். மூக்கின் உட்புறம் செல்லும் பஞ்சுக்குச்சி மட்டும் இன்னும் மெல்லியது. குழந்தை சில நொடி வீறிட்டு அழும். அதனால் கேடு எதுவும் இல்லை.

பச்சிளங்குழந்தைக்கு எப்போது மாதிரி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே முடிவுக்குப் பொருள் வரும். பிறந்தவுடன் எடுத்தால், தாயின் கிருமி குழந்தையின் மூக்கில் வெறுமனே ஒட்டியிருந்தாலும் ‘பாசிட்டிவ்’ என்று வரக்கூடும். அப்போதுதான் தொற்றியிருந்தால் ‘நெகட்டிவ்’ என்று வந்து ஏமாற்றவும் கூடும். இதனால் தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குச் சுமார் 24 மணி நேரத்திலும், தேவைப்பட்டால் 48 மணி நேரத்திலும் மாதிரி எடுக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. அறிகுறி உள்ள குழந்தைக்கு இப்படிக் காத்திருப்பதில்லை.

விரைவு ஆன்டிஜென் சோதனை அரை மணிக்குள் முடிவு தரும். ஆனால் கிருமி குறைவாக இருந்தால் தவறவிடும். இரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்புப் பொருள் தெரிந்தாலும் குழந்தைக்குத் தொற்று வந்ததாகாது. அது தாய் கொடுத்ததாகவும் இருக்கலாம். குணமான பிறகும் சில வாரம் ஆர்டி-பிசிஆர் பாசிட்டிவாகவே வரலாம் என்பதால், அதை நினைத்து மறுபடி மறுபடி மாதிரி எடுக்கக் குழந்தையை அலைக்கழிப்பதில் பயனில்லை.

தாய்ப்பாலை நிறுத்தலாமா?

கூடாது. தாய்ப்பால் வழியாக இந்நோய் பரவுவதாகச் சான்று இல்லை. தொற்றுள்ள தாயும் முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பாலூட்டலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எழ முடியாத நிலையில் தாய் இருந்தால், பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். அந்த நாட்களில் சர்க்கரைத் தண்ணீரும் உரைமருந்தும் கொடுத்துச் சமாளிப்பதுதான் ஆபத்து. குழந்தைக்கு முகக்கவசம் மாட்டவே கூடாது, மூச்சு முட்டும். கவசம் தூக்குகிறவருக்குத்தான் வேண்டும்.

எப்போது மருத்துவமனை?

பெரும்பாலான குழந்தைகளுக்கு மூக்கடைப்பு, லேசான காய்ச்சல், இருமல், சில சமயம் வயிற்றுப்போக்கு என்ற அளவில் வந்து போய்விடும். குறைமாதக் குழந்தைகளுக்கும் பிறவி இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 பாரன்ஹீட்) காய்ச்சல் என்றாலே, காரணம் எதுவானாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூச்சை எண்ணிப் பார்ப்பது எந்த வீட்டிலும் முடியும். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல், பால் குடிக்க மறுப்பது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.