முற்றிய புற்றுநோயும் வயிற்று உபாதையும்

புற்றுநோய் முற்றிய நிலையில் நோயாளியை வாட்டுவது நோவு ஒன்று மட்டுமன்று. வயிற்றுப் பொருமல், குமட்டல், மலச்சிக்கல், ஒரு பிடி உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டதான உணர்ச்சி ஆகியனவும் அவரை அலைக்கழிக்கின்றன. வைத்தியர் தரும் மருந்துகள் இன்றியமையாதவையே. எனினும், அவற்றோடு சேர்த்து வீட்டார் தம் கையாலேயே செய்யக்கூடியனவும் உள.

அவற்றுள் முதன்மையானது, உண்ணும்படி வற்புறுத்தாதிருத்தல். வீட்டாருக்கு மிகக் கடினமானதும் அதுவே. "இன்னும் இரண்டு வாய் சாப்பிடுங்கோ" என்று மனைவி கெஞ்சுவது அன்பினாலேயாம். ஆனால், ஈரல் வீங்கி இரைப்பையை நெருக்கும்போதும், வயிற்றில் நீர் கோத்து மகோதரம் ஏற்படும்போதும், இரைப்பை விரிவதற்கு இடமில்லை. திணித்த உணவு வாந்தியாகத் திரும்புகிறது. மேலும், இந்நிலையில் உடல் மெலிவது உணவுக் குறைவால் மட்டுமன்று. உடல் உணவைப் பயன்படுத்தும் முறையையே நோய் மாற்றிவிடுகிறது. மிகுதியாக ஊட்டுவதால் அம்மெலிவு நீங்குவதில்லை. இதனை அறியாத வீட்டார், தாம் ஊட்டத் தவறியதாலேயே அவர் மெலிந்தார் என்று பின்னர் நெடுநாள் வருந்துவதுண்டு.

நோயாளி கேட்கும்போது, சிறு கிண்ணத்தில் ஆறிய கஞ்சியோ பழமோ கொடுத்தல் நன்று. தாளிதத்தின் மணமே குமட்டலைத் தூண்டக்கூடுமாதலால், படுக்கை அடுக்களைக்கு அருகே இருத்தலாகாது. உண்டபின் சிறிது நேரம் தலையணைகளில் நிமிர்ந்து சாய்ந்திருக்கட்டும். சாரத்தையோ சேலையையோ வயிற்றில் இறுக்கிக் கட்டவேண்டாம். மல்லாந்து படுக்கும்போது முழங்காலின் கீழ் ஒரு தலையணை வைத்தால் வயிற்றுத் தசைகள் தளரும்.

மோர்பின் மருந்து மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கெனத் தவிடு முதலிய நார்ப்பொருள்களை மிகுதியாகக் கொடுப்பது, நீர் அதிகம் அருந்தமாட்டாத நோயாளிக்குத் தீங்காகலாம். காலை ஆகாரத்தின்பின் மலசலகூடத்தில் அமர்த்தி, பாதங்களைச் சிறு பலகைமேல் உயர்த்தி, முன்புறம் சாய்ந்திருக்கச் செய்தால் மலங்கழிதல் எளிதாகும். கதவு சாத்தப்பட்டிருத்தலும் முக்கியம். பிறர் பார்வைக்குக் கூசியே மலத்தை அடக்குவோர் பலர்.

ஓர் எச்சரிக்கை. மலமும் காற்றும் பிரியாது, வயிறு முறுக்கி வலித்து, வாந்தியும் தொடர்ந்தால், அது குடலடைப்பாக இருக்கலாம். அப்போது வயிற்றைப் பிசைதலோ பேதி கொடுத்தலோ கூடாது. உடனே வைத்தியரை நாடவேண்டும்.

இலண்டனில் 1967 இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவி, இறுதிநிலை நோயாளரைப் பராமரிப்பதை ஒரு தனித்துறையாக வளர்த்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வைத்தியராவதற்குமுன் தாதியாகப் பணிபுரிந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

ஊட்டுவதற்கு இல்லையெனில் கைகளுக்கு வேலையே இல்லை என்பதன்று. உலர்ந்த உதடுகளை ஈரத்துணியால் நனைக்கலாம், வாயைத் துப்புரவாக்கலாம், வீங்கிய கால்களை மெல்லத் தடவி, அருகே அமர்ந்திருக்கலாம்.